கல்லுக்குள் ஒரு மருந்து!

நாமக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கடையோ கோயிலோ அல்ல, ஒரு பாறை! ஊர் நடுவே, யாரோ தூக்கி வந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒற்றைக் கல். உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயர். ஊரின் பெயரிலேயே கல் இருக்கிறது. பக்கத்தில் சேலம். 'சைலம்', அதாவது மலை என்ற சொல்தான் சேலம் ஆனது என்று சொல்பவர்கள் உண்டு. கஞ்சமலையில் இரும்புக்கல், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல். மொத்தத்தில் அது கல்லின் பூமி!

இந்த வாரம் ஒரு கல்லின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால், அந்தக் கல் நம் ஊர்க் கல் அல்ல. ஸ்வீடனிலிருந்து கிளம்பி, லண்டன், மெல்போர்ன், டென்மார்க் என்று சுற்றி, கடைசியில் நம் ஊர் மெடிக்கல் ஷாப் அலமாரிக்கு வந்து சேர்ந்த கல். அதன் பெயர் லித்தியம்.

'செல்போன் பேட்டரியில் இருக்குமே, அதுவா?' என்பீர்கள். அதேதான்! ஆனால் பேட்டரிக்குள் நுழைவதற்கு ரொம்ப காலம் முன்பே அது மனிதனின் வயிற்றுக்குள் நுழைந்துவிட்டது. மனதைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றியதற்குக் கூலியாக, சிலரிடம் சிறுநீரகத்தைக் கேட்டது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? லித்தியம் மருத்துவ உலகத்துக்குள் முதன்முதலில் நுழைந்ததே சிறுநீரகப் பக்கத்து வியாதிக்கு மருந்தாகத்தான்!

1800-ம் ஆண்டு. பிரேஸில் நாட்டிலிருந்து வந்து ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஹொசே பொனிஃபாசியோ டி ஆந்த்ராதா என்பவர், ஸ்வீடனில் உட்டோ என்ற சின்னத் தீவின் சுரங்கத்தில் கிடைத்த ஒரு புதுவிதக் கல்லைப் பற்றி எழுதினார். (இவரே பிற்பாடு பிரேஸிலின் சுதந்திரத்துக்கு முக்கியக் காரணமாகி, பெரிய தலைவராகவும் ஆனார். அது தனிக் கதை!) 1817-ல் யோஹான் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர் அந்தக் கல்லை ஸ்டாக்ஹோமில் சோதித்துப் பார்த்தார். உள்ளே இருந்த பொருட்களையெல்லாம் கூட்டினால் கணக்கு உதைத்தது. ஏதோ ஒன்று விட்டுப்போகிறது! அந்த 'ஏதோ ஒன்று'தான் புது உலோகம். அவருடைய குருவான பெர்ஸீலியஸ் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'லித்தோஸ்' என்றால் கல். கல்லிலிருந்து வந்தது லித்தியம்.

அடுத்த காட்சி லண்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பணக்காரர்களை ஆட்டிப் படைத்த வியாதி, 'கவுட்' என்கிற மூட்டு வாதம். கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும். காரணம், உடம்பில் சேரும் யூரிக் அமிலம். அதே அமிலம் சிறுநீர்ப்பையில் கட்டியாகிக் கல்லாகவும் உட்காரும். 1843-ல் அலெக்ஸாண்டர் யூர் என்ற டாக்டர், அப்படிப்பட்ட ஒரு கல்லை எடுத்து லித்தியம் கார்பனேட் கரைசலில் போட்டுப் பார்த்தார். கல் கரைய ஆரம்பித்தது! 'கல்லைக் கரைக்க ஒரு கல்!' என்று சந்தோஷப்பட்டார்கள். 1859-ல் ஆல்ஃப்ரெட் கேரட் என்ற புகழ்பெற்ற டாக்டர் மூட்டு வாதம் பற்றி எழுதிய புத்தகத்தில் லித்தியத்தை சிபாரிசு செய்தார்.

ஒரே ஒரு சிக்கல். கண்ணாடிக் குப்பியில் கல் கரைகிற அளவுக்கு உடம்புக்குள் லித்தியத்தை ஏற்றினால், கல் கரைவதற்கு முன்னால் ஆள் போய்விடுவார்! ஆனால் யார் அதையெல்லாம் கவனித்தார்கள்? வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 'லித்தியா தண்ணீர்' பாட்டில்கள் சக்கைப்போடு போட்டன. மூட்டு வலியா, சிறுநீரகக் கோளாறா, மனச்சோர்வா... எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்! கடைசியில் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு பிரபல கம்பெனியின் தண்ணீரைப் பற்றி நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: மருந்தாக வேலை செய்யும் அளவுக்கு லித்தியம் கிடைக்க வேண்டுமென்றால், ஒரு ஆள் தினமும் ஒன்றரை லட்சம் காலன் தண்ணீர் குடிக்க வேண்டும்! வாஷிங்டன் நகரத்து பொட்டோமாக் ஆற்றுத் தண்ணீரிலேயே அதைவிட ஐந்து மடங்கு லித்தியம் இருக்கிறது!

1929-ல், அமெரிக்கப் பங்குச் சந்தை கவிழ்வதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு புது எலுமிச்சை சோடா கடைக்கு வந்தது. அதிலும் லித்தியம் சிட்ரேட் சேர்த்திருந்தார்கள். அந்த சோடாவை உங்களுக்கும் தெரியும். செவன் அப்! லித்தியத்தின் அணு எடை ஏழு என்பதால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் 1948 வரை அந்த சோடாவில் லித்தியம் இருந்தது உண்மை.

பிறகு விளையாட்டு வினையானது. இதய நோயாளிகளிடம் 'உப்பைக் குறையுங்கள்' என்று டாக்டர்கள் சொல்வார்கள் அல்லவா? அவர்களுக்காக, சோடியம் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை 'மாற்று உப்பு' என்று விற்க ஆரம்பித்தார்கள். ருசி கிட்டத்தட்ட அதேதான். நோயாளிகள் சாப்பாட்டில் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள். 1949-ன் ஆரம்பத்தில் கை நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம், பிறகு மரணம் என்று செய்திகள் வர, அமெரிக்க அரசு அவசர அவசரமாக அதைக் கடைகளிலிருந்து அகற்றியது.

ஏன் செத்தார்கள்? இங்கேதான் சிறுநீரகம் மேடைக்கு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் கதையின் சாவி.

லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பம். வேதியியல் அட்டவணையில் மேல்வீட்டுக்காரர் லித்தியம், கீழ்வீட்டுக்காரர் சோடியம். நம் சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் வேண்டிய தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சம் ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே அனுப்புகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், 'ஐயோ, உப்பு போகிறதே!' என்று பதறி, இன்னும் அதிகமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது சோடியமா, லித்தியமா என்று சிறுநீரகத்துக்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது! இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். லித்தியத்தைக் கல்லீரல் உடைக்காது. வியர்வையில் போவதும் கொஞ்சம்தான். வெளியே போக ஒரே வழி சிறுநீரகம். அந்த வழியும் அடைபட்டால் ரத்தத்தில் விஷமாக ஏறும். உப்பே சாப்பிடாத இதய நோயாளிகளுக்கு லித்தியத்தைக் கொடுத்தது, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் புகை போட்ட கதைதான்!

விசித்திரம் பாருங்கள்... லித்தியம் கொலைகாரன் என்று அமெரிக்கா தடை போட்ட அதே 1949-ல், ஆஸ்திரேலியாவில் ஒருவர், லித்தியம் ஒரு பெரிய வரம் என்று எழுதினார். அவர் பெயர் ஜான் கேட்.

கேட், மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சிங்கப்பூரின் சாங்கி சிறை முகாமில் மூன்றரை வருஷம் கைதியாக இருந்தவர். பட்டினியிலும் நோயிலும் சக கைதிகளின் மனம் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு எண்ணம் அவருக்குள் விழுந்தது. 'பைத்தியம்' என்று நாம் சொல்வது உடம்பில் நடக்கும் ஏதோ ஒரு ரசாயனக் கோளாறாக ஏன் இருக்கக் கூடாது?

போர் முடிந்து மெல்போர்ன் அருகே பண்டூரா மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வுக்கூடம்? உபயோகத்தில் இல்லாத ஒரு சமையலறை! கருவி? அப்படி ஒன்றும் இல்லை. வெறிகொண்ட நோயாளிகளின் சிறுநீரை பாட்டிலில் பிடித்து, வீட்டு ஃபிரிட்ஜில் குடும்பத்தின் சாப்பாட்டுப் பொருளோடு வைப்பார். (அவர் மனைவியின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!) அதை கினிப் பன்றிகளுக்கு ஊசி மூலம் ஏற்றி என்ன ஆகிறதென்று பார்ப்பார். சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. கரையும்படியான அதன் உப்பு எது? பழைய மூட்டு வாதக் கதை ஞாபகம் இருக்கிறதா? லித்தியம் யூரேட்! அதை ஏற்றிப் பார்த்தார். பிறகு வெறும் லித்தியம் கார்பனேட்டை ஏற்றிப் பார்த்தார். துள்ளிக் குதிக்கும் கினிப் பன்றிகள், இரண்டு மணி நேரத்தில் சாதுவாகி, மல்லாக்கப் போட்டாலும் அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தன.

அந்தப் பிராணிகளுக்கு அன்று லித்தியம் கொஞ்சம் அதிகமாகிப் போயிருக்கலாம், அதனால்தான் சோர்ந்து கிடந்தன என்று இன்று சொல்கிறார்கள். தப்பான காரணம், சரியான விடை! விஞ்ஞானத்தில் இது நடக்கும்.

கேட் முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948 மார்ச் 29 அன்று, ஐந்து வருஷமாக ஓயாத வெறியில் இருந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். மருத்துவக் குறிப்பில் அவர் 'டபிள்யூ.பி.' ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிதான் என்று எல்லோரும் கைவிட்ட மனிதர். சில வாரத்தில் அமைதியானார். ஜூலையில் வீட்டுக்கே போனார். பழைய வேலையில் சேர்ந்தார்! கேட் மொத்தம் பத்து 'மேனியா' நோயாளிகளுக்குக் கொடுத்தார். பத்து பேருக்கும் குணம் தெரிந்தது. 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

இங்கே 'சுபம்' போட்டுவிடலாம் என்று பார்த்தால், முடியவில்லை. வீடு திரும்பிய டபிள்யூ.பி., 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்று மாத்திரையை நிறுத்தினார். மறுபடி வெறி. மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி லித்தியம். இந்தத் தடவை அது உடம்பில் விஷமாகச் சேர்ந்தது. 1950 மே மாதம் அவர் இறந்துபோனார். எந்த மருந்து அவரை மனிதனாக்கியதோ, அதுவே அவரைக் கொன்றது. கேட் மனம் உடைந்து லித்தியத்தைக் கைவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். இந்த முதல் நோயாளியின் கதையிலேயே முழுக் கதையும் இருக்கிறது. நிறுத்தினால் நோய். கண்காணிக்காமல் கொடுத்தால் ஆபத்து. நடுவே ஒரு மெல்லிய வரப்பு. அந்த வரப்பின் மேல் நடக்கக் கற்றுக்கொள்ளத்தான் உலகத்துக்கு முப்பது வருஷம் பிடித்தது.

வரப்பைக் கண்டுபிடித்தவர்கள் இருவகை. மெல்போர்னிலேயே சிலர், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டென்மார்க்கில், ஆர்ஹூஸ் நகரத்தில், மோகன்ஸ் ஸ்கூ என்ற டாக்டர், 1954-ல் நாணயத்தைச் சுண்டிவிட்டு, யாருக்கு லித்தியம், யாருக்கு வெறும் மாத்திரை என்று பிரித்துச் சோதித்தார். ஸ்கூவுக்கு இதில் சொந்த வலி இருந்தது. அவர் தம்பியை வருஷா வருஷம் மனச்சோர்வு தாக்கிக்கொண்டே இருந்தது. லித்தியம் கொடுத்த பிறகு அது நின்றது!

1967-ல் ஸ்கூவும் பாஸ்ட்ரப் என்ற டாக்டரும் 88 பெண் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். லித்தியத்துக்கு முன்பு சராசரியாக எட்டு மாதத்துக்கு ஒருமுறை நோய் திரும்பியது. லித்தியத்தோடு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை! லண்டன் டாக்டர்கள் இருவர் 'இது இன்னொரு கட்டுக்கதையோ?' என்று கிண்டலாகவே எழுதினார்கள். 1970-ல் பதில் வந்தது. நன்றாக இருந்த 84 பேரில் பாதிப்பேருக்கு, யாருக்கும் தெரியாமல், லித்தியத்துக்குப் பதில் வெறும் மாத்திரை. ஐந்து மாதத்தில், வெறும் மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் சாப்பிட்ட 45 பேரில்? ஒருவருக்குக்கூட இல்லை! அதே வருஷம் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்க, 1977-ல் ஒரு குண்டு விழுந்தது. விழுந்த இடம், அதே ஆர்ஹூஸ்!

லித்தியத்தைப் பல வருஷமாகச் சாப்பிட்டு வந்த 14 பேரின் சிறுநீரகத்திலிருந்து ஊசி முனையளவு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு அங்கங்கே நுண்குழாய்கள் சுருங்கி, நடுவே தழும்பு படர்ந்திருந்தது. அதை வெளியிட்ட நால்வரில் ஒருவர் அம்டி அம்டிசன். 1970-ல் லித்தியத்தை நிரூபித்த அதே குழுவில் இருந்தவர்! 'நாம் தூக்கிவைத்த மருந்தாச்சே, மூடி மறைப்போம்' என்று அவர்கள் நினைக்கவில்லை பாருங்கள். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்!

டாக்டர்கள் பதறினார்கள். நோயாளிகள் அதைவிடப் பதறினார்கள். பிறகு நிதானமாகப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அந்த 14 பேரும் சாதாரண நோயாளிகள் அல்ல. லித்தியம் ஏற்கெனவே விஷமாக ஏறியவர்கள், அல்லது லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தவர்கள். அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறுநீரகத்துக்குள் நடப்பது இரண்டு கூத்து. முதலாவது, தாகம். சிறுநீரகத்தின் கடைசிக் குழாயில், தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கச் சின்னச் சின்ன மதகுகள் உண்டு. பெயர், அக்வாபோரின். (இந்த மதகுக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்கு பீட்டர் ஆக்ரே 2003-ல் நோபல் பரிசு வாங்கினார்.) லித்தியம் சோடியத்தின் வாசல் வழியாக அந்த செல்களுக்குள் நுழைந்து, மதகுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. 1995-ல் எலிகளில் இதைக் காட்டியதும் ஆர்ஹூஸ்காரர்கள்தான்! மதகு இல்லையென்றால் தண்ணீர் அப்படியே வெளியே ஓடும். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய் மாதிரியே தெரியும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இருக்காது. இது பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. அமிலோரைட் என்ற பழைய மாத்திரை அந்த வாசலை அடைத்து உதவும் என்று 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது கூத்து, சத்தமில்லாதது. வருஷக்கணக்கில் மெதுவாகத் தழும்பு சேர்வது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் மெல்ல ஏறும். ஸ்வீடனில் 2010-ல் வந்த ஓர் ஆய்வு, லித்தியம் சாப்பிட்ட 3,369 பேரில் 18 பேர் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் நிலைக்குப் போயிருந்ததாகச் சொன்னது. அதாவது இருநூறு பேருக்கு ஒருவர். மற்ற ஜனங்களோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் அதே நாட்டில் பின்னால் வந்த இன்னோர் ஆய்வு, அந்தக் கடைசி நிலைக்குப் போனவர்கள் எல்லோரும் 1980-க்கு முன்பு, அதிக அளவில் லித்தியம் கொடுத்த காலத்தில், மருந்தை ஆரம்பித்தவர்கள் என்று காட்டியது. அதற்காக நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துவிடவும் முடியாது. பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குச் சிறுநீரக வேலை ஓரளவு குறைந்திருந்தது என்றும் அங்கேயே கண்டார்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கிரியேட்டினின் 2.5-ஐத் தாண்டிய பிறகு மருந்தை நிறுத்தினாலும், சிறுநீரகம் தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகலாம். முன்கூட்டியே கண்டுபிடித்தால்தான் உண்டு.

சரி, இப்போது நாமக்கல்லுக்குத் திரும்புவோம். ஒரு லாரி டிரைவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பது. முப்பது வயதில் அவருக்குத் திடீரென்று தூக்கம் போனது. மூன்று நாள், நாலு நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். கையில் காசில்லாமல் ரிக் வண்டி வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் பயந்துபோய் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். நம் பக்கத்தில் மனசு சரியில்லையென்றால் கால்கள் தானாகக் காவிரிக்கரைக்குத்தானே போகும்? பிறகு யாரோ சொல்லி, ஒரு மனநல டாக்டர். 'பைபோலார்' என்றார். வெறிக்கும் சோர்வுக்கும் நடுவே ஊஞ்சலாடும் நோய். லித்தியம் கொடுத்தார். ஊஞ்சல் நின்றது. பத்து வருஷமாகக் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது.

இப்போது சித்திரை மாதம். சங்ககிரி ரோட்டில் தார் உருகுகிறது. கேபினுக்குள் உலை. வியர்வை ஆறாக ஓடுகிறது. 'ஒண்ணுக்குப் போக அடிக்கடி வண்டியை நிறுத்த முடியாதே' என்று அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார். இடுப்பு வலி. வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'நல்ல வலி மாத்திரையா குடுங்கண்ணா' என்று டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போன மாதம்தான் பி.பி. கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று வேறொரு டாக்டர், சிறுநீரை அதிகமாக்கும் ஒரு மாத்திரையும் கொடுத்து, 'உப்பை அறவே விடுங்க' என்றும் சொல்லியிருக்கிறார். லித்தியம் சாப்பிடும் விஷயத்தை இவர் அவரிடம் சொல்லவில்லை. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறோம் என்று வெளியே சொல்ல வெட்கம்!

நாலு காரணம் பார்த்தீர்களா? தண்ணீர் குறைந்தது. உப்பு குறைந்தது. வலி மாத்திரை, பி.பி. மாத்திரை இரண்டுமே லித்தியம் வெளியேறுவதைத் தடுப்பவை. தினமும் சாப்பிடும் அதே அளவு லித்தியம், இப்போது ரத்தத்தில் ஏறுகிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இங்கே தூரம் ரொம்பக் குறைவு. லிட்டருக்கு 0.6-லிருந்து 0.8 வரை பெரும்பாலோருக்குப் போதும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கை நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், வாந்தி பேதி வரும். பார்க்கிறவர்கள் 'குடிச்சிருக்கான்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டிரைவர் மட்டுமல்ல. குமாரபாளையத்துத் தறிப் பட்டறையில், சேகோ ஆலைக் களத்தில், கழிவறை வசதியில்லாத காரணத்தால் பகல் முழுக்கத் தண்ணீரைத் தொடாமல் வேலை பார்க்கும் எத்தனை பெண்கள்! லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அந்தத் தாகம் வெறும் அசௌகரியம் அல்ல, விஷம். டென்மார்க்கின் குளிரில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டை, நம் சமவெளி வெயிலில் அப்படியே பின்பற்ற முடியாது. மோரும் கஞ்சியும் உப்போடு, நாள் தவறாமல், ஒரே அளவாக உள்ளே போக வேண்டும்.

'இவ்வளவு வம்பு எதற்கு? அந்த மாத்திரையையே தூக்கிப் போட்டுவிட்டால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் டபிள்யூ.பி.-யை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் நிறையப் பேர் சாவது நோயால் நேரடியாக அல்ல, தற்கொலையால். அந்த எண்ணத்தைத் தடுப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் பலம், பிற்பாடு வந்த மருந்துகள் பலவற்றுக்கு அதே அளவில் நிரூபணமாகவில்லை. திடீரென நிறுத்தினால் நோய் பழைய வேகத்தைவிட அதிகமாகவே பாயலாம். அதனால்தான் இத்தனை வயதான, விலை மலிவான இந்தக் கல், இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

மருந்து எட்டாத மனநோயாளிகளை நாம் என்ன செய்தோம் என்பதும் மறக்கக்கூடியதல்ல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர், கொட்டகையில் பிடித்த தீயில், ஓட முடியாமல் கருகிப்போனார்கள். சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், அந்தச் சங்கிலியை மறு தட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் வழி? வரப்பின் மேல் நடப்பதுதான்! எவ்வளவு குறைவான அளவில் நோய் அடங்குகிறதோ அவ்வளவு மட்டும். பலருக்கு ராத்திரி ஒரே வேளையாக. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம். (லித்தியம் தைராய்டையும் விட்டுவைக்காது.) வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன். எந்த டாக்டரைப் பார்த்தாலும், எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும், வாயைத் திறந்து சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: 'நான் லித்தியம் சாப்பிடுறேன்.'

கிரியேட்டினின் ஏறத் தொடங்கினால், மனநல டாக்டரும் சிறுநீரக டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அளவைக் குறைப்பதா, மெல்ல வேறு மருந்துக்கு மாற்றுவதா, எவ்வளவு வேகத்தில்... மூன்றாவதாக அந்த மேஜையில் உட்கார வேண்டியவர், நோயாளி. இதுவா, அதுவா என்று எடை போட்டுப் பார்க்க அவரைவிட அதிக உரிமை யாருக்கு இருக்கிறது?

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் பல வருஷம் தலைமை தாங்கிய இடம். ஒரு காலத்தில் சேலத்து நோயாளிகளும் அதுவரை போக வேண்டியிருந்தது. இன்று சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, 2022-லிருந்து நாமக்கல்லிலும் ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு ஊர் தாண்ட வேண்டியதில்லை. ஜான் கேடிடம் இல்லாத கருவி நம்மிடம் இருக்கிறது. சமையலறையில் அவருக்குத் தெரியாத எண், இன்று ஒரு சிட்டிகை ரத்தத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா? இந்தக் கட்டுரையைக் காட்டி 'நிறுத்துங்க' என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். 'கடைசியா ரத்தம் எப்ப பாத்தீங்க?' என்று கேளுங்கள். கேட்கும்போது கையில் ஒரு சொம்பு மோரும் இருக்கட்டும்!